பாப்பா மாத்திரை

என் தங்கைக்குப் பஸ் ஆகாது. ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் முகம் வெளுத்துவிடும். கையில் எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டே வருவாள். அது ஒன்றையும் கிழித்ததில்லை. எங்களுக்குச் சொந்த ஊர் திருப்போரூர். எங்கே போவதென்றாலும் பஸ்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே, பஸ் நின்றதும் அவளை ஓரமாக இறக்கி, குனியவைத்து, நெற்றியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. "சீக்கிரம் எட்த்துத் தொலடி, பஸ்ஸு போய்டப் போவுது" என்று திட்டிக்கொண்டே பிடித்துக்கொள்வேன். வாந்தி எடுத்து முடித்ததும் தாவணியால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவள் போல, "ண்ணா, முறுக்கு வாங்கிக் குடேன்" என்பாள்.

கல்யாணம் ஆகி மாமல்லபுரத்துக்குப் புகுந்த வீடு போன வேனிலும் எடுத்தாள், பட்டுப்புடவையும் மாலையுமாக. "பொண்ணு இப்பவே முழுகாம கீதா?" என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேட்க, வேன் முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல், வேனை மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். இவர் கையில் பெண்ணைக் கொடுத்தது சரிதான் என்று அப்போது நினைத்தேன்.

எனக்குச் செங்கல்பட்டில் கடை. கோர்ட்டுக்குப் போகும் வழியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தும் ஒரு ஜெராக்ஸ் மிஷினும். தொண்ணூறுகளில் இந்த இரண்டும் வைத்திருந்தவன் ராஜா. கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு ஊரே என் பூத்தில் வந்து ரகசியம் பேசும். கதவுக்கு வெளியே எல்லாம் கேட்கும் என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அப்பா திருப்போரூரில் கோயில் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தங்கை கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அம்மா என்னோடு செங்கல்பட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு மும்முரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை டூரிஸ்ட் கார் ஓட்டினார். நல்ல மனிதர். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்; சொல்லும்போதே கோபமும் வரும், இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். கல்யாணமான நாலாவது வருஷம் இருமல் ஆரம்பித்தது. டி.பி. என்றார்கள். ஆள் பாதியாகி, பிறகு பாதியிலும் பாதியாகி, தங்கை வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை இருக்கும்போது இறந்துபோனார். டி.பி.க்குப் பின்னால் எய்ட்ஸ் கிருமி இருந்தது கடைசி நாட்களில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு தங்கையின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கும் இருந்தது.

அம்மாவுக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. "எவளோ வெள்ளக்காரி குட்த்துட்டுப் போய்க்கீறா" என்றாள். டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர், மாமல்லபுரம், வேறென்ன காரணம் வேண்டும்? குற்றவாளி கடல் தாண்டிப் போய்விட்டாள் என்பது எங்கள் எல்லோருக்குமே வசதியாக இருந்தது. தங்கையும் அதையே பிடித்துக்கொண்டாள். கடற்கரைக் கோயில் பக்கம் சங்கு மாலை பேரம் பேசிக்கொண்டு நிற்கும் வெள்ளைக்காரப் பெண்களை, வயது வித்தியாசம் பார்க்காமல், வயிற்றில் கைவைத்துக்கொண்டு நின்று முறைப்பாள். அவர்களில் ஒருத்தி ஒருமுறை இவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்துக் கைகூப்பிவிட்டாள். அன்றைக்கு முழுக்க இவள் சாப்பிடவில்லை.

நான் மாமல்லபுரத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் கேட்டது ஒன்றைத்தான். "பாப்பாக்கு வராம இருக்குமாண்ணா?"

அதற்கு ஒரு வழி இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஒரே ஒரு மாத்திரை. வலி எடுத்ததும் முழுங்க வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு அதற்குக் கொஞ்சம் சொட்டு மருந்து. அப்படிச் செய்தால் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது பெரிதும் குறையும். முழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மட்டும் மாத்திரை வீண். நர்ஸம்மா இதைச் சொன்னதும் தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எங்கள் பஸ் பிரயாணம் எல்லாமே இருந்தது. மாத்திரையை வாங்கி, வீட்டில் யார் கண்ணிலும் படாமல் காலிப் பவுடர் டப்பாவுக்குள் போட்டுவைத்தாள். பாப்பா மாத்திரை என்று அதற்குப் பெயரும் வைத்தாள்.

பிரசவத்துக்குச் செங்கல்பட்டுக்கு அழைத்து வரலாம் என்று நானும் அம்மாவும் ஒருநாள் காலையில் மாமல்லபுரம் போனோம். போய் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் அவளுக்கு வலி கண்டுவிட்டது. நாள் இன்னும் இருந்தது. அம்மா பதறவில்லை. எங்கள் பக்கத்தில் வலி என்று சொன்னதும் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள். பொய் வலி என்றால் அடங்கிவிடும், மெய் வலி என்றால் ஏறும். அம்மா கஷாயம் போட்டுக் கொடுத்தாள். வலி ஏறியது. "ஆட்டோவ கூப்புடு" என்றாள் என்னிடம். தங்கை பவுடர் டப்பாவைத் திறந்து மாத்திரையை எடுத்தாள். எல்லோர் முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துவிட்டு முழுங்கினாள்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஆட்டோவில் சரியாக ஒரு மணி நேரம் ஆகும். அந்த நாளில் அந்த ரோடு எப்படி இருந்தது என்று போனவர்களுக்குத் தெரியும். ஊரைத் தாண்டுவதற்குள் அவளுக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு கையை வாயில் வைத்தாள். பிறகு அதன்மேல் இன்னொரு கை. இரண்டு உள்ளங்கையையும் அழுத்திப் பொத்திக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக, எனக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். நான் ஆட்டோக்காரரை மெதுவாகப் போகச் சொன்னேன். அம்மா சீக்கிரம் போகச் சொன்னாள். "ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க" என்றார் அவர். அவரோடு ஒரு சண்டை போட்டேன், என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. நினைவிருப்பது அவள் தொண்டைதான். வாய்வரை வந்ததை அவள் மறுபடி முழுங்கினாள். ஒருமுறை அல்ல. வலி வரும்போது கத்தவும் இல்லை, கத்த வாயைத் திறக்கவேண்டுமே. நெற்றியைப் பிடிக்கக் கை போனது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நெற்றியைப் பிடித்தால் வந்துவிடும் என்று பயந்தாள் போல.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி ஸ்ட்ரெச்சரில் படுத்த பிறகுதான் கையை எடுத்தாள். வாயைச் சுற்றி விரல் அழுந்திய தடம் சிவந்திருந்தது. "மாத்திர உள்ளதாண்ணா கீது" என்றாள்.

பெண் குழந்தை. சொட்டு மருந்தும் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் எங்களோடு செங்கல்பட்டில்தான் இருந்தாள். அந்த டிசம்பரில் சுனாமி வந்து, மாமல்லபுரத்தில் அவள் புகுந்த வீட்டு வாசல்வரை தண்ணீர் ஏறிய சேதி என் பூத்துக்குப் போனில் வந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "எமன் என்னியத் தேடிகினு அங்க போய்க்கீறான், நான் இங்க கீறேன்" என்றாள். அம்மா அவளைத் திட்டிவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். எனக்குப் பெண் பார்ப்பதை அம்மா சத்தமில்லாமல் நிறுத்தியதும் அந்த நாட்களில்தான். நானும் ஏன் என்று கேட்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

குழந்தைக்குப் பல் முளைக்கும்போது தங்கைக்கு உடம்பு விழ ஆரம்பித்தது. அரசாங்கம் இலவச மாத்திரை கொடுக்க ஆரம்பித்திருந்த சமயம். அதற்கான வரிசையில் நாங்களும் போய் நின்றோம். என்னை எல்லோரும் அவள் புருஷன் என்றே நினைத்தார்கள். "நீங்களும் டெஸ்ட் எடுத்துட்டீங்களா சார்?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். முதலில் எரிச்சலாக வந்தது. அண்ணன் என்று சொன்னதும் அவர்கள் என்னை ஒருமாதிரி மரியாதையோடு பார்ப்பார்கள், அது இன்னும் எரிச்சல்.

மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஆலோசனை சொல்லும் மேடம் ஒருவர் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். நான் வெளியே டோக்கனுக்கு நின்றிருந்தேன். இதற்கு முன்னால் இந்த வியாதிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டதுண்டா என்று அந்த மேடம் கேட்டிருக்கிறார். இல்லை என்று தங்கை சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் வலியெடுத்த பெண் முழுங்குவதெல்லாம் பிள்ளைக்கு. சீரகக் கஷாயமும் பிள்ளைக்கு, விளக்கெண்ணெயும் பிள்ளைக்கு. அவளுக்கென்று மருந்து என்று ஒன்று கண்ணில் படுவது பிள்ளை பிறந்த பிறகு கிண்டும் லேகியம்தான். பாப்பா மாத்திரையைத் தான் சாப்பிட்ட மருந்தாக அவள் நினைத்தே பார்த்ததில்லை. நான் உள்ளே இருந்திருந்தால் நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

மூன்று மருந்து சேர்ந்த ஒரு மாத்திரை, காலையும் மாலையும். நேரம் தவறக்கூடாது என்று சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டு ரேடியோவில் காலையும் மாலையும் செய்தி போடுவார்கள். செய்தி வாசிக்கிறவர் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மாத்திரை அவள் தொண்டையில் இறங்கியிருக்கும். சஷ்டி விரதத்தன்று தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள் அம்மா. இவள் அம்மா எதிரிலேயே மோரை ஊற்றிக்கொண்டு மாத்திரை போடுவாள். "முருகன் கோச்சிக்கினா நான் பேசிக்கிறேன்" என்பாள்.

உடம்பு தேறியது. கன்னத்தில் சதை வந்தது. கடைக்கு வந்து ஜெராக்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டாள். வக்கீல் குமாஸ்தாக்கள் பேப்பரைக் கசக்கிக் கொண்டுவந்தால் அவர்களை அவள் கேட்கிற கேள்வியில் எனக்கே பாவமாக இருக்கும். குழந்தை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, தப்பாக விழுந்த காப்பிகளைக் கிழித்து விளையாடும்.

அதற்கு ஒன்றரை வயது ஆனதும் கடைசி டெஸ்ட் எடுத்தார்கள். இல்லை. குழந்தைக்குக் கிருமி இல்லவே இல்லை. ரிசல்ட் வந்த அன்று மத்தியானம் தங்கை கடை ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னாள். அந்த ஒற்றைத் தாளை மிஷினில் வைத்துக் காப்பி எடுக்க ஆரம்பித்தாள். எடுத்தாள், எடுத்தாள், பேப்பர் தீரும்வரை எடுத்தாள். காப்பி வந்து விழ விழச் சிரித்தாள். "ஏண்டி, ஊருக்கெல்லாம் வினியோகம் பண்ணப் போறியா?" என்றேன். யார் கண்ணிலாவது பட்டுவிடுமே என்று சாயங்காலம் அத்தனையையும் கொளவாய் ஏரிப் பக்கம் கொண்டுபோய் நானே கொளுத்தினேன். என் வாழ்க்கையில் சந்தோஷமான நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

மறுபடி உடம்பு விழுந்தது எப்போது என்று திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை. வாயில் வெள்ளை வெள்ளையாகப் புண். பிறகு காய்ச்சல். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. ரத்த அணு எண்ணிக்கை இறங்கிவிட்டது என்றார்கள். ஆலோசனை மேடம் அவளை உட்காரவைத்து, "எத்தனை வேளை விட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க. விடாம சாப்பிட்டா இப்படி ஆகாதே" என்றார். இந்தமுறை நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஒரு வேள கூட உட்டதில்ல மேடம்" என்றாள் தங்கை. மேடம் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிய விதத்திலேயே நம்பவில்லை என்பது தெரிந்தது. தங்கை அழுதுவிட்டாள். புருஷன் செத்தபோது அவள் அப்படி அழவில்லை. நான் எழுந்து கத்தினேன். என் தங்கை மாத்திரை போடுகிற நேரத்தைப் பார்த்து உங்கள் கடிகாரத்தைத் திருத்திவைத்துக்கொள்ளுங்கள் என்ற அளவுக்கு என்னென்னவோ கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு டாக்டர் வந்து எங்களைத் தன் அறைக்கு அழைத்துப் போனார்.

சின்ன வயதுக்காரர், தூக்கம் போதாத கண். கத்தியதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிருமிக்கு மருந்து பழகிவிட்டதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்று சென்னையில் தனியாரிடம் இருக்கிறது, செலவு ஆகும் என்றார். எடுத்தோம். முடிவு வந்ததும் இருவரையும் உட்காரவைத்தார்.

"என்ன வேலை செய்றீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"ஜெராக்ஸ் கடை சார்."

"அப்ப உங்களுக்குச் சுலபமா புரியும். இந்தக் கிருமி உடம்புக்குள்ள ராப்பகலா தன்னைக் காப்பி எடுத்துகிட்டே இருக்கும். ஆனா மட்டமான மிஷின். எங்கயாவது ஒரு எழுத்து தப்பா விழுந்துகிட்டே இருக்கும். பெரும்பாலும் அந்தத் தப்புக் காப்பி குப்பைதான். எப்பவாவது ஒரு காப்பியில, மாத்திரை போய் ஒட்டற இடத்துல எழுத்து மாறிடும். அந்தக் காப்பிய மாத்திரையால ஒண்ணும் பண்ண முடியாது. மத்ததெல்லாம் அழியும், அது மட்டும் நிக்கும். அப்புறம் அதுலேர்ந்துதான் காப்பி ஓடும். உங்க தங்கச்சிக்கு அதான் ஆகியிருக்கு. அவங்க மேல தப்பு இல்ல."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆனா இது முன்னாடியே ஆகியிருக்கணும்" என்றார் டாக்டர். "நீங்க இங்க வர்றதுக்கு முன்னால வேற எங்கயும் மாத்திரை சாப்பிடலையே?"

"இல்ல சார்."

"பிரசவத்தப்போ?"

"அது பாப்பா மாத்திர சார்" என்றாள்.

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். "இப்ப நீங்க சாப்பிடற மூணு மருந்துல ஒண்ணு அதேதாம்மா" என்றார். "ஒரே ஒரு மாத்திரைதான். ஆனா அது உடம்பை விட்டுப் போக நாளாகும். துணைக்கு வேற மருந்து இல்லாம அத்தனை நாளும் அது தனியா இருந்திருக்கு. அதுக்குள்ள கிருமிக்குப் பழகிடுச்சு."

டாக்டர் தொடர்ந்தார். இந்தக் கிருமியில் வகைகள் இருக்கின்றன; வெள்ளைக்காரர்கள் நாட்டில் அதிகம் பி வகை, நம் நாட்டில் பெரும்பாலும் சி வகை; மருந்துகளை முதலில் சோதித்துப் பார்த்ததெல்லாம் பி வகையை வைத்துத்தான் என்றார். பி வகையில் இரண்டு எழுத்து மாறினால்தான் நடக்கக்கூடிய ஒரு மாற்றம், சி வகையில் ஒரே எழுத்து மாறினால் நடந்துவிடுகிறதாம். ஒற்றை மாத்திரை முழுங்கிய தாய்மாரில் சி வகைக்காரர்களுக்கே மருந்து அதிகம் பழகிப்போகிறது என்று இப்போதுதான் வெளிநாட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

"எனுக்கு இன்னா வக சார்?" என்றாள் தங்கை.

"சி."

"அப்ப வெள்ளக்காரங்களோடது இல்லியா?"

"யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு இதை வச்சு சொல்ல முடியாதும்மா. நம்ம ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கறதுதான் உங்ககிட்டயும் இருக்கு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பொம்பளைங்களல்லாம் சும்மானா மொறச்சிகினு கெடந்தேண்ணா" என்றாள். வாய்ப்புண்ணோடு சிரிக்கவும் பார்த்தாள்.

பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கி ஆட்டோல நான் வாந்தி எட்த்திருந்தா சார்?"

டாக்டருக்கு ஆட்டோ விஷயம் தெரியாது. நான் சொன்னேன், எனக்குத் தெரிந்தவரை சுருக்கமாக. அவர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எடுத்திருந்தா, இன்னிக்கு உங்களுக்கு இந்த மருந்து வேலை செஞ்சிருக்கலாம்" என்றார். "பாப்பாவுக்கு என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது. வந்திருக்கலாம்."

"அப்ப சரி சார்" என்றாள்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான் அழுதேன். அவள் அழவில்லை. பாப்பா மாத்திரை சாப்பிட்டதை முன்பே சொல்லியிருந்தாலும் அன்றைக்கு எங்கள் கையில் வேறு மாத்திரை இல்லை என்று டாக்டர் கடைசியில் சொல்லியிருந்தார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பிடிக்க ஆள் இல்லை. மாத்திரையைக் கொடுத்த நர்ஸம்மாவையா? அவர் கொடுத்ததால்தான் குழந்தை வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஏண்ணா இப்டி அழுவுற, எல்லாரும் பாக்கறாங்க. புருசன்னு வேற நெனச்சிக்கப் போறாங்க" என்றாள் அவள்.

பழகிப்போன மாத்திரைக்குப் பதிலாக வேறு மாத்திரைகள் உண்டு. இலவசத்தில் அவை இன்னும் வந்திருக்கவில்லை. விலைக்கு வாங்கிக் கொஞ்ச காலம் கொடுத்தோம், பிறகு முடியவில்லை. அந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. பழைய மாத்திரையாவது சாப்பிடச் சொல்லியிருந்தார்கள், கிருமியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்று. அதை அவள் ரேடியோ செய்தியோடு கடைசிவரை போட்டுக்கொண்டுதான் இருந்தாள். படுத்த பிறகு குழந்தையைப் பக்கத்தில் விடமாட்டாள், இருமல் ஒட்டிக்கொள்ளும் என்று. அறை வாசலில் உட்கார்ந்து விளையாடச் சொல்லி அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் காலை, செய்தி ஆரம்பித்ததும் அம்மா மோரோடு போனாள். தங்கை கண்ணைத் திறக்கவில்லை.

துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர் ஒருவர், விஷயம் அரைகுறையாகத் தெரிந்தவர், "பெரிய தியாகம்" என்றார். அவரை நான் வெளியே போகச் சொல்லிவிட்டேன். தெரிந்து கொடுத்தால்தான் அது தியாகம். என் தங்கைக்குத் தெரியாது. பிள்ளையும் வேண்டும், பிள்ளையை வளர்க்கத் தானும் வேண்டும் என்றுதான் அவள் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். இரண்டையும் கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. அம்மா இதற்காக என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

சில மாதம் கழித்துக் கடைக்குப் போன் வந்தது. அதற்குள் பூத்தில் பேச ஆளே இல்லை, எல்லார் கையிலும் செல்போன். அந்தப் போன் அடித்தாலே ராங் நம்பராகத்தான் இருக்கும். எடுத்தேன். ஆலோசனை மேடம். குரலில் அத்தனை சந்தோஷம். "சார், அடுத்த கட்ட மாத்திரை இப்ப இலவசமாவே தர ஆரம்பிச்சுட்டாங்க. முதல்ல உங்க தங்கச்சி ஞாபகம்தான் வந்துச்சு. திங்கக்கிழமை கூட்டிட்டு வர்றீங்களா?" என்றார்.

நான் சொன்னேன். "அன்னிக்கு நான் அவங்கள நம்பியிருக்கணும் சார்" என்றார். ஒருமுறை அவரைப் பார்த்துக் கத்திய வாய்தான் இது. "பரவால்ல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஷட்டரை இறக்கிவிட்டுச் சாயங்காலம்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

வருஷம் திரும்பியதும் திதியை மாமல்லபுரம் கடற்கரையில் கொடுப்பதென்று அம்மா முடிவு செய்தாள். நான், அம்மா, குழந்தை மூவரும் ஆட்டோவில் கிளம்பினோம். குழந்தைக்கு நாலு வயது நடக்கிறது. தாயைப் போலவே அதற்கும் வண்டி ஆகாது. அதனால் அம்மா கிளம்பும்போதே குமட்டலுக்கு மாத்திரையைப் பாதியாக உடைத்து, தேனில் குழைத்து ஊட்டிவிட்டிருந்தாள். "வாந்தி எட்த்துடாத கண்ணு, மாத்திர போய்டும்" என்று சொல்லியும் வைத்திருந்தாள். எந்தப் பாட்டியும் சொல்வதுதான்.

திருக்கழுக்குன்றம் வந்தது. மலையைக் காட்டலாம் என்று குழந்தையின் பக்கம் திரும்பினேன். அது வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. ஒரு கை, அதன்மேல் இன்னொரு கை. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவும் பார்த்துவிட்டாள்.

ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் இறங்கி, புளியமரத்தடியில் நிற்கவைத்தேன். கையை எடுக்கமாட்டேன் என்கிறது. விரல் இடுக்கு வழியாக, "மாத்திர போய்டும் மாமா" என்றது.

"போனா போவட்டும் கண்ணு" என்றேன். "நீ எட்த்துடு. எல்லாத்தையும் எட்த்துடு. மாமா கீறேன்."

அது என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு கையாக எடுத்தது. குனியவைத்து, எடுத்து முடிக்கும்வரை அதன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.